சோதனைத்தாளைக் கண்டாலே மகள் சுருண்டுவிடுகிறாள், என்ன செய்யலாம்?
பினாங்குத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு, கணிதத்தில்தான் சிக்கல் என்கிறீர்கள்.

தாள் வந்ததும் புள்ளியை மூடிவையுங்கள். எண் கண்ணில் பட்டால் ஆசிரியர் குறிப்பை யார் படிப்பது? 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறாளா? "அரை ரொட்டி சானாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், அரையைவிடக் குறையுமா?" என்று கேளுங்கள். 2/5 அரையைவிடச் சிறியது, அவளே பிடித்துவிடுவாள். ஐந்து நிமிடம் திணறட்டும். நகரவே இல்லையென்றால் ஒரே ஒரு துப்பு: இரண்டு பகுதி எண்ணையும் 6 ஆக்கு. மூன்று நாள் கழித்து அதே வகையில் வேறு கணக்கு, பழைய தாளைப் பார்க்காமல். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021இல் போய்விட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை. ஆசிரியரைப் பார்க்கும்போது, 4இலிருந்து 5க்குப் போக எது குறைகிறது என்று கேளுங்கள்.