விளிம்பில் வரப்பு உள்ள பட்டரா, இல்லாததா?

அன்புள்ள அண்ணனுக்கு,

உச்சிப்புளியிலிருந்து எழுதுகிறேன். சென்னையில் படித்த நாலு வருடமும் அல்டிமேட் ஃபிரிஸ்பீ (தட்டு எறிந்து ஆடும் குழு ஆட்டம்) ஆடினேன். ஊருக்கு வந்த பிறகு அணிக்கு ஆள் சேரவில்லை. அதனால் நாங்கள் மூன்று பேர் டிஸ்க் கோல்ஃப் (தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் போடும் ஆட்டம்) பக்கம் திரும்பிவிட்டோம். அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து மச்சான் வருகிறார். பெட்டியில் இடமில்லை, இரண்டு மூன்று தட்டுதான் கொண்டுவர முடியும் என்கிறார். டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜ், வார்டன், இன்னோவாவின் ஏவியார் என்று மூன்று பட்டர்களை (அருகிலிருந்து கூடைக்குப் போடும் தட்டுகளை) பார்த்து வைத்திருக்கிறேன். எண்களைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆளுக்கொன்றாக மூன்றையும் வாங்கலாமா? ஜட்ஜும் வார்டனும் சென்னை நண்பர் ஒருவரிடம் இருக்கின்றன, ஒரு வாரத்துக்குத் தருகிறேன் என்கிறார். எங்கள் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

மூன்றிலும் ஒவ்வொன்று வேண்டாம். ஒரே வகையில், ஒரே பிளாஸ்டிக்கில், ஒரே எடையில் இரண்டோ மூன்றோ வாங்குங்கள். கையில் வேறு வேறு தட்டு இருந்தால், கூடை தவறும்போது தப்பு கையிலா தட்டிலா என்று கடைசிவரை தெரியாது.

முதலில் அந்த எண்கள். ஜட்ஜுக்கு 2, 4, 0, 1. வார்டனுக்கு 2, 4, 0, 0.5. ஏவியாருக்கு 2, 3, 0, 1. வரிசைப்படி வேகம், கிளைடு (காற்றில் மிதந்து போகும் தன்மை), டர்ன் (வேகமாகப் போகும்போது வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் சாய்வது), ஃபேட் (வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாய்வது). தட்டு அதற்குரிய வேகத்தில் முழுத்தூரம் பறந்தால் எப்படிப் போகும் என்று தயாரித்தவர்கள் சொல்லும் கணக்கு இது. ஒரு கம்பெனியின் 2 இன்னொரு கம்பெனியின் 2-க்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. தவிர, 6 மீட்டரிலிருந்து கூடைக்குப் போடும்போது ஃபேட் 1-ஆ 0.5-ஆ என்று காட்டத் தட்டுக்கு நேரமே கிடையாது. அந்த அரைப் புள்ளிக்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

ஜட்ஜும் வார்டனும் உண்மையில் அண்ணன் தம்பி. ஜட்ஜின் விளிம்பில் பீட் உண்டு, வார்டனில் இல்லை, அவ்வளவுதான். நண்பரிடமிருந்து வந்ததும் ஜட்ஜைக் கையில் எடுத்து, வெளிப்பக்கச் சரிவில் ஆள்காட்டி விரலை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். அடிவிளிம்பு வருவதற்குச் சற்று முன் சன்னமாக ஒன்று தட்டும், வயல் வரப்பில் கால் இடறுவதுபோல. அதுதான் பீட். வார்டனில் விரல் தடங்கலில்லாமல் வழுக்கி இறங்கிவிடும்.

இந்த வரப்பு யாருக்கு உதவும்? விரல்களைத் தட்டின் அடியில் விசிறியாக விரித்து, சுழற்சி குறைவாக, காலால் உந்தித் தூக்கிப் போடுகிறவர்களுக்கு. ஒவ்வொரு முறையும் விரல் அதே இடத்தில் உட்கார அது அடையாளமாக இருக்கும். நீங்கள் அல்டிமேட் ஆடியவர், மணிக்கட்டைச் சுண்டிச் சுழற்றி விடுகிற கை. அப்படிப்பட்ட கைக்கு, விடும் கணத்தில் விரலில் எதுவும் தட்டாமல் இருப்பதே நல்லது. தட்டினால் தட்டு ஒரு இழை தாமதமாகக் கழன்று, வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் போய்விடும். எனவே உங்களுக்கு என் சாய்வு பீட் இல்லாத பக்கம்: வார்டன் அல்லது ஏவியார்.

ஏவியார் என்றால் மச்சானுக்குத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். அந்தப் பெயரில் பல தட்டுகள் உண்டு. ‘பட் அண்ட் அப்ரோச்’ என்பது பீட் இல்லாதது. கே.சி. ஏவியார் பெரிய பீட் உள்ளது. (கே.சி. என்பது 12 முறை உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோவின் முதலெழுத்துகள்.) கடையில் வெறுமனே ஏவியார் என்று கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது.

இனி காற்று. கிளைடு 4-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பக்கத்தில்தான் வெளியே தெரியும். கச்சான் முகத்தில் அடிக்கும்போது, மூக்கு (தட்டின் முன்விளிம்பு) இம்மியளவு தூக்கியிருந்தாலும் தட்டு எழும்பிக் கூடைக்கு மேலே போய் பின்னால் பத்துப் பதினைந்து அடி தள்ளி விழும். திரும்பி நின்று அதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போட்டால் தட்டு அமுங்கி, கூடையின் அடிக்கம்பியில் மோதும். கிளைடு கூடக்கூட எதிர்க்காற்றில் எழும்பும் தப்பு பெரிதாகும். அல்டிமேட்காரர்களிடம் மூக்கு தூக்குகிற பழக்கம் அதிகம். அந்தத் தட்டு 175 கிராம், குறுக்களவு சுமார் 27 செ.மீ. பட்டருக்கும் கிட்டத்தட்ட அதே எடைதான், ஆனால் குறுக்களவு 21 செ.மீ. பழைய தட்டு மன்னித்த தப்பை இது மன்னிக்காது. வார்டன், ஏவியார் இரண்டில் ஒன்று என்றால் உங்கள் ஊருக்கு ஏவியார் என்றுதான் சொல்வேன். அதற்காகக் கிளைடு 1 உள்ள காஸ்டாபிளாஸ்ட் கம்பெனியின் பெர்க் வரைக்கும் போக வேண்டாம். எறியக் கற்றுக்கொள்கிறவர் கையில் அது கல்லாக விழும்.

எடை 173 முதல் 175 கிராம். பி.டி.ஜி.ஏ. (டிஸ்க் கோல்ஃபுக்கு விதி வகுக்கும் சங்கம்) விதிப்படி குறுக்களவின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராம்தான் உச்சம், 21.2 செ.மீ. தட்டுக்கு அது 176-க்குள் முடிந்துவிடும்.

பிளாஸ்டிக் விஷயத்தில் விலை உயர்ந்ததை வாங்கி ஏமாறாதீர்கள். பளபளக்கும் பிரீமியம் ரகம் வியர்வைக் கையில் வழுக்கும், சங்கிலியில் பட்டும் தெறிக்கும். கூடைக்குப் போட அடிப்படை ரகமே சரி: இன்னோவாவில் டி.எக்ஸ்., டைனமிக்கில் கிளாசிக். விலையும் குறைவு. ஆனால் மணல் அதைத் தேய்க்கும். சீமைக்கருவேலத்தில் இரண்டு முறை அடித்தாலே விளிம்பில் பிசிறு எழும். பிசிறை நகத்தால் கிள்ளாமல், நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். ஆடி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காரின் முன்கண்ணாடி அருகே வைத்தால் நெளிந்துவிடும். நெளிந்தால் வெந்நீரில் முக்கி எடுத்து, சமதளத்தில் வைத்து ஆற விடுங்கள், பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். நிறத்தில் வெள்ளை, மஞ்சள் (மணல்), நீலம் (கடல்), பச்சை (புதர்) நான்கும் வேண்டாம். இந்த எடையில் பட்டர் கடலில் மூழ்கும், மிதக்காது.

இரவல் தட்டுகளைச் சோதிப்பது எப்படி? கூடை இல்லையென்றால் ஒரு கம்பு நட்டு, இடுப்பளவில் ஒரு குறுக்குக்கட்டையும் தலைக்குச் சற்றுக் கீழே இன்னொன்றும் கட்டி, இடையில் கிழிந்த வலைத்துண்டைத் தொங்க விடுங்கள். அடியில் ஈயக்குண்டு இருந்தால் காற்றில் பறக்காது. நிற்கும் இடம் கெட்டியான தரையாக இருக்கட்டும். பொடிமணலில் பின்கால் புதைந்து உந்தல் போய்விடும், தட்டு குட்டையாக விழும். அந்தப் பழியைத் தட்டின் மேல் போடுவீர்கள். 6 மீட்டரில் நின்று ஒருமுறை ஜட்ஜ், ஒருமுறை வார்டன் என்று மாற்றி மாற்றி 20, 20 போடுங்கள். முதலில் ஒன்றை முழுக்கப் போட்டு முடித்தால், கை சூடேறிய பிறகு வருகிற தட்டுக்கே வெற்றி கிடைக்கும். விழுந்ததை மட்டும் எண்ணாமல் தவறியது எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்: மேல், கீழ், இடம், வலம். முதல் நாள் தென்னந்தோப்பு மறைவில், மறுநாள் திறந்த கரையில் எதிர்க்காற்றிலும் முதுகுக்காற்றிலும். ஒரு தட்டின் தவறல்கள் ஒரே பக்கம் குவிந்தால் அது நல்ல செய்தி, திருத்திக்கொள்ளலாம். நாலாபக்கமும் சிதறினால் அந்தப் பிடி உங்கள் கைக்கு ஒத்துவரவில்லை. ஜட்ஜின் கணக்கு தெளிவாக மேலாக இருந்தால், மேலே நான் சொன்னதை மறந்துவிட்டு பீட் உள்ளதையே வாங்குங்கள். கணக்கு நோட்டில் இருப்பது உங்கள் கை.

மச்சானுக்குக் கடைசியாக ஒன்று. ஒரே பெயர், ஒரே எடை எழுதிய இரண்டு தட்டுகள்கூட வேறு வேறாக இருக்கும். கடை மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மூக்குக் கோடு (விளிம்பைச் சுற்றி ஓடும் வார்ப்புக் கோடு) ஓடும் உயரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கோடு உயர்ந்திருப்பது வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் அதிகம் சாயும். மேல்தட்டு ஒன்றில் குவிந்தும் இன்னொன்றில் தட்டையாகவும் இருந்தால் அந்த ஜோடி வேண்டாம்.