நேதாஜி ஏறிய நீர்மூழ்கி உங்கள் அலமாரியில் அடங்குமா?

கேள்வி: இரண்டு மூன்று விமான மாடல் கிட் ஒட்டி முடித்திருக்கிறேன், எல்லாம் 1/72 அளவு. அடுத்து ஒரு நீர்மூழ்கி செய்ய ஆசை. அதுவும் நேதாஜி ஜெர்மனியிலிருந்து கிளம்பிப் போன நீர்மூழ்கி. ரெவெல் கம்பெனியின் 1/72 டைப் 9சி யூ-போட் (ஜெர்மன் நீர்மூழ்கி) கிட் கண்ணில் பட்டது. அதையே வாங்கலாமா? ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் கருவி) கிடையாது. மாடலை வைக்க 80 செ.மீ. அகலமுள்ள ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது.

பதில்: அது நல்ல கிட்தான். ஆனால் உங்களுக்கு வேண்டாம்.

முதல் காரணம் அலமாரி. விமானம் செய்து பழகியவர்களுக்கு 1/72 என்றால் உள்ளங்கையில் அடங்கும் சமாச்சாரம். அந்த அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானம் 13 செ.மீ. நீளம்கூட வராது. நீர்மூழ்கிக்கு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். டைப் 9சி-யின் நிஜ நீளம் 76.8 மீட்டர். 72-ஆல் வகுத்தால் மாடல் கிட்டத்தட்ட 107 செ.மீ. அதைவிடச் சின்னதான டைப் 7சி கூட 93 செ.மீ. வரும். அமெரிக்காவின் காட்டோ வகை என்றால் 132 செ.மீ. பெட்டி மேல் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து இது எதையும் ஊகிக்க முடியாது. எந்த நீர்மூழ்கி கிட்டாக இருந்தாலும் நிஜ நீளத்தை அளவால் வகுத்துவிட்டு, வீட்டில் டேப்பை நீட்டிப் பார்த்தபிறகு பணத்தை எடுங்கள். ஸ்டாண்டுக்கும் துடைக்கக் கை போவதற்கும் இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட வேண்டும். உங்கள் அலமாரிக்கு 65, 70 செ.மீ.தான் உச்சம்.

இரண்டாவது காரணம், அது நேதாஜி போன படகே இல்லை. 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து நேதாஜியும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் ஏறிப் போனது யூ-180. அது டைப் 9டி1. பெயரில் இரண்டும் ‘9’ என்பதால் ஒன்றுபோலத் தோன்றும். 9டி1-இன் நீளம் 87.6 மீட்டர், 9சி-யைவிடச் சுமார் 11 மீட்டர் அதிகம், அகலமும் கூடுதல். எனவே நடுவில் அறுத்து ஒரு துண்டைச் செருகினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடல் முழுவதையும் புதிதாகச் செதுக்குகிற வேலை அது.

அப்படியானால் ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். அந்தப் பயணத்துக்கு இன்னொரு பாதி இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கருக்கு அப்பால், கொந்தளிக்கிற கடலில் ரப்பர் படகில் இறங்கி நேதாஜி மாறி ஏறியது ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி. மே மாதம் சுமத்ராவை ஒட்டிய சபாங் தீவில் அவரைக் கரை சேர்த்தது அதுதான். ஐ-29 பி1 வகையைச் சேர்ந்தது. இந்த வகையில் ஐ-19, ஐ-27 ஆகிய படகுகளை ஏஎஃப்வி கிளப் கம்பெனி 1/350 அளவில் கிட்டாகப் போட்டிருக்கிறது. நிஜ நீளம் 108.7 மீட்டர், மாடல் 31 செ.மீ. உங்கள் அலமாரியில் தாராளமாக உட்காரும், பக்கத்தில் இன்னொரு மாடலுக்கும் இடம் இருக்கும்.

நான் இதைச் சொல்ல அளவு மட்டும் காரணமில்லை. பி1 பார்க்கவே சுவாரசியமான படகு. கோபுரத்துக்கு முன்னால் உருளை வடிவில் ஒரு விமானக் கொட்டகை, அங்கிருந்து முனை வரை விமானத்தை உந்திவிடும் தண்டவாளம், பின்பக்கம் 14 செ.மீ. பீரங்கி. 1942 செப்டம்பரில் அமெரிக்காவின் ஓரிகான் காட்டில் குண்டு போட்ட சின்ன மிதவை விமானம் ஐ-25 என்ற இதே வகைப் படகிலிருந்துதான் கிளம்பியது. பெட்டியில் பெயர் இருக்கிற ஐ-27-க்கும் நம் பக்கத்துக் கடலில் ஒரு கதை உண்டு. மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் கப்பலை 1944 பிப்ரவரியில் மாலத்தீவு அருகே மூழ்கடித்தது அதுதான். அன்றைக்கே அதுவும் மூழ்கடிக்கப்பட்டது.

ஐ-29 ஆக்குவதற்கு எண் ஸ்டிக்கர் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழைய கிட்களில் மிஞ்சிய வெள்ளை எண்கள் போதும், ஒட்டாமலே விட்டாலும் குறையில்லை. கொட்டகைக் கதவை மூடி ஒட்டிவிட்டால் கண்ணுக்கே தெரியாத விமானத்தோடு மல்லுக்கட்டுவதும் மிச்சம்.

இனி நீர்மூழ்கியின் உண்மையான கஷ்டத்துக்கு வருவோம். பாகங்கள் குறைவு என்பதால் இதைச் சுலபமான கிட் என்று கடைக்காரர்கள் விற்பார்கள். ஒட்டுவது சுலபம்தான், முடிப்பது அப்படியில்லை. விமானத்தில் இறக்கை, சக்கரம், கண்ணாடி என்று கண் அலைய நிறைய இருக்கும். நீர்மூழ்கியின் உடல் மொழுமொழுவென்று இருப்பதால் இரண்டு பாதியும் சேர்கிற ஜாயின்ட்தான் முதலில் கண்ணில் படும். எனவே கிட் தேர்ந்தெடுக்கும்போது பாகங்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அந்த ஜாயின்ட் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்.

உடல் இடது வலது பாதியாக வந்தாலும் இரண்டாம் உலகப்போர்ப் படகுகளில் மேல்தளம் பெரும்பாலும் தனிப் பாகம். அது மேலே உட்கார்ந்து மூடிக்கொள்ளும். ஜாயின்ட் அடிவயிற்றிலும் இரு நுனிகளிலும்தான் மிஞ்சும். இக்கால அணுசக்தி நீர்மூழ்கிகளில் அந்த மூடி கிடையாது. உடல் இடது வலதாகப் பிரிந்தால் கோடு முதுகின் நடுவே போகும். மேல் கீழாகப் பிரிந்தால் பரவாயில்லை, கோடு பக்கவாட்டில் நீர்மட்டத்தை ஒட்டி ஓடும், கறுப்பும் சிவப்பும் சந்திக்கும் வண்ண எல்லை பாதியை மறைத்துவிடும். பத்துப் பதினைந்து பாகம்தானே என்று முதல் நீர்மூழ்கியாக அணுசக்திப் படகை வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஏர்பிரஷ் இல்லாதவருக்குப் பழைய போர்க்காலப் படகே வசதி என்பது என் கட்சி.

வேலை இப்படிப் போகும். பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். அச்சு எண்ணெய் இருந்தால் பெயின்ட் ஒட்டாது. இரு பாதியையும் பசையில்லாமல் டேப் போட்டுச் சேர்த்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மெல்லிய பசையைப் பிரஷ்ஷால் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஜாயின்ட்டில் ஓட விடுங்கள். ஒரே மூச்சில் முழு நீளமும் வேண்டாம். ஒரு நாள் காயட்டும். மீதி பள்ளத்துக்குப் புட்டி, அதாவது இடைவெளியை நிரப்பும் பசைமாவு. இரு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுத் தேய்த்தால் பக்கத்திலிருக்கும் நுண்வேலை அழியாது. 400 உப்புத்தாளில் தொடங்கி 1000 வரை, தண்ணீர் தொட்டு. பிறகு சாம்பல் பிரைமர். பிரைமர் அடித்ததும் எல்லாக் குறையும் எட்டிப்பார்க்கும். திரும்பவும் புட்டி, திரும்பவும் தேய்ப்பு. இந்தச் சுற்றைச் சலிக்காமல் போனவர் மாடல்தான் அலமாரியில் வைக்கும்படி இருக்கும்.

உடலை மூடுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு, கிட்டின் செய்முறைத் தாளில் அநேகமாக இருக்காது. மரப்பலகையில் இரண்டு பித்தளைக் கால்கள் மேல் நிறுத்த விரும்பினால், அடியில் இப்போதே துளை போட்டு, உள்ளே நட் வைத்து எபாக்சி பசையால் இறுக்கிவிடுங்கள். மூடியபிறகு நட் வைக்க வழியே கிடையாது. படகின் பக்கவாட்டில் தண்ணீர் புகுந்து வெளியேறும் துவாரங்கள் இருக்கும். பல கிட்களில் இவை வெறும் பள்ளமாகத்தான் வரும். அவற்றைத் துளைத்துத் திறக்க வேண்டுமென்றாலும் மூடுவதற்கு முன்தான் வசதி. 1/350-இல் துளைக்கக்கூட வேண்டாம், கறுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயின்ட்) ஓடவிட்டால் போதும்.

பெயின்ட்டுக்கு ஸ்ப்ரே டப்பாவே போதும். கார்களுக்கு அடிக்கிற பிரைமர் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் சில வகை பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பாகங்களை வெட்டியெடுத்த சட்டத்தில் அடித்துச் சோதித்துக்கொள்ளுங்கள். மழைக்கால ஈரத்தில் லாக்கர் வகை பெயின்ட் அடித்தால் வெளிறிப் பூத்துவிடும், வெயில் நாளுக்குக் காத்திருங்கள். இன்னொன்று, சுத்தக் கறுப்பு அடிக்காதீர்கள். சின்ன மாடலில் அது எல்லா நுண்வேலையையும் விழுங்கிவிடும். டயர் கறுப்பு போல ஒரு இழை சாம்பல் கலந்த கறுப்பு எடுங்கள்.

ஜெர்மன் படகுதான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் ரெவெலின் 1/144 டைப் 7சி வாங்குங்கள். 47 செ.மீ. வரும். அதற்குமுன் எந்தப் படகு, எந்த வருஷம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். 1942 வாக்கில் கோபுரத்துக்கு முன்னால் நிற்கிற 8.8 செ.மீ. பீரங்கி பின்னாளில் கழற்றப்பட்டது, கோபுரத்தின் பின்பக்கம் விமான எதிர்ப்புத் துப்பாக்கி மேடை பெரிதானது. பக்கவாட்டுத் துவார வரிசைகூடக் கட்டிய தளத்துக்குத் தளம் மாறும். அடிப்பாகத்துக்குச் சிவப்பு அடிக்கத் தோன்றும், வேண்டாம். யூ-போட்டுக்கு மேலே வெளிர் சாம்பல், கீழே அடர் சாம்பல்.

நம் கடற்படைப் படகு பிடிக்குமென்றால் டிரம்பெட்டர் கம்பெனியின் 1/144 ‘கிலோ’ வகை ரஷ்ய நீர்மூழ்கி கிட் இருக்கிறது, 50 செ.மீ. நம்முடைய சிந்துகோஷ் வகைக்கு மூலம் ரஷ்யர்களின் 877 என்ற வடிவமைப்புத் திட்டம். பெட்டியில் 636 என்று போட்டிருந்தால் அது பிந்தைய, சற்று நீளமான வடிவம். நிஜ நீர்மூழ்கிக்குள் நடந்து பார்க்க விசாகப்பட்டினம் கடற்கரையில் ஐஎன்எஸ் குர்சுரா நிற்கிறது. வேறு வகைதான், ஆனால் உப்புக்காற்றில் துரு எந்த இடத்தில் ஒழுகும், பெயின்ட் எங்கே மங்கும் என்று போட்டோ எடுத்து வர அதைவிட நல்ல இடம் இல்லை.

உள்ளறைகளோடு வரும் கிட்களில் இப்போதைக்கு இறங்க வேண்டாம். 1961-இல் ரெவெல் போட்ட போலாரிஸ் ஏவுகணை நீர்மூழ்கி கிட்டைக் காட்டி, ரகசியமெல்லாம் 2.98 டாலருக்கு ரஷ்யர்கள் கைக்குப் போகிறது என்று அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்தின் தலைவர் அட்மிரல் ரிக்கோவர் கத்தினார். அவ்வளவு விவரம் உள்ளே. உள்ளறைகளை ஒட்டிப் பெயின்ட் செய்து முடிப்பதற்குள் உடல் ஜாயின்ட்டைத் தேய்க்கப் பொறுமை மிஞ்சாது. தண்ணீரில் விட்டு முக்கியெடுக்கும் எண்ணம் இருந்தால் அதுவும் வேறு கிட், வேறு செலவு. ஸ்டாண்டில் வைக்கிற மாடலுக்குள் தண்ணீர் புகாத உருளை எதுவும் கிடையாது.

கடைசியாக, கிட்டை வெளியூரிலிருந்து வரவழைத்தாலும் பசை, தின்னர், ஸ்ப்ரே ஆகியவற்றை உள்ளூரில் வாங்கிக்கொள்ளுங்கள். தீப்பற்றும் சரக்கு என்று விமானக் கூரியரில் ஏற்ற மாட்டார்கள், மொத்தப் பார்சலும் பாதியில் நின்றுவிடும்.