கன்னம் உப்புவது கொழுப்பால்தானா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் சென்னையில் தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கும் 29 வயது ஆண். படப்பிடிப்பு நாட்களில் மாலைவரை காபியைத் தவிர எதையும் தொடாமல் இருந்துவிட்டு, இரவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரியாணி, பரோட்டா, இனிப்பு என்று அகப்பட்டதையெல்லாம் விழுங்கி, பிறகு நானே வாந்தியெடுத்துவிடுகிறேன். அப்படியிருந்தும் கன்னம் உப்பிக்கொண்டே போகிறது. ரசிகர்களும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். எனக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு. உடன் நடிக்கும் பெண்ணோடு என்னை இணைத்துப் பேசும் ரசிகர்களுக்கும், எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கிவிட்ட அம்மாவுக்கும் இது தெரியாது. மருத்துவரிடம் போனால் இரண்டும் வெளியே வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அடிக்கடி வாந்தியெடுப்பவர்களுக்குக் காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்குவதுண்டு. நீங்கள் பட்டினி கிடந்து கரைக்க நினைப்பது அந்த வீக்கமாகவே இருக்கலாம். பகல் பட்டினிதான் இரவுப் பெருந்தீனியை வரவழைக்கிறது. இதில் மனவுறுதிக் குறைவு என்று ஏதுமில்லை. நீங்கள் விவரிப்பது புலிமியா என்னும் உணவுக் கோளாறைப் பெரிதும் ஒத்திருக்கிறது. ஆண்களுக்கும் அது வரும். வாந்தியால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும் என்பதால், இந்த வாரமே ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் எடுத்துக்கொள்ளுங்கள். மயக்கமோ, நெஞ்சுப் படபடப்போ, வாந்தியில் ரத்தமோ இருந்தால் அன்றே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், சாப்பிடுவதில்தான் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும்.

உங்கள் ஈர்ப்பைப் பற்றி எதுவும் சொல்லாமலேயே இவ்வளவையும் தொடங்கலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சில விலக்குகள் தவிர, சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்க மருத்துவரைக் கடமைப்படுத்துகிறது. ஆனால் பகல் முழுதும் நடையையும் பேச்சையும் கண்காணித்தபடி வாழும் களைப்பு இரவுத் தீனிக்குத் தூண்டுதலாகிறதா என்பதைப் பார்க்க, நம்பிக்கை வந்தபின் அதையும் மருத்துவரிடம் சொல்வது நல்லது. தன்பால் ஈர்ப்பு நோயன்று. அதை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை செய்திருக்கிறது. அப்படிப் பேசும் மருத்துவரிடமிருந்து தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மாவிடம் இப்போதைக்கு, உடல்நிலை தேறும்வரை திருமணப் பேச்சு வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், அதில் பொய்யில்லை. அவர் வற்புறுத்துகிறார் என்பதற்காக ஒரு பெண்ணை இதற்குள் இழுத்துவிட வேண்டாம் என்பதை மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். நேரில் செல்லத் தயக்கமாக இருந்தால், 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில், கட்டணமின்றிப் பேசலாம்.