கழுத்து நாடி ஒடுங்கினால் எந்தப் பக்கவாதம் வரும்?

வெள்ளவத்தையில் வசிக்கும் தந்தையின் கழுத்து நாடி (மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்) ஒடுங்கியிருப்பதாக ஸ்கானில் தெரிந்ததால், மூளையில் இரத்தம் கசியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒடுக்கம் பெரும்பாலும் அடைப்பு வகைப் பக்கவாதத்துக்கே வழிவகுக்கும்: நாடிச் சுவரின் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் உறையும் குருதிக்கட்டியின் துணுக்கொன்று அடித்துச் செல்லப்பட்டு, மூளையின் சிறு நாடியில் சிக்கிக்கொள்கிறது. ஒரு கண்ணில் சில நிமிடங்கள் திரை விழுந்தாற்போல் மங்கியோ, தேநீர்க் கோப்பை கைநழுவியோ பின் சரியாகிவிட்டாலும், அது பக்கவாதத்துக்கான முன்னெச்சரிக்கையே. ‘பிரஷர் கூடிவிட்டது’ என்று படுத்துவிடுவதுதான் நம்மவர் வழக்கம். கசிவு வகையில் மூளையின் நாடியே வெடிக்கிறது. ஆயினும் உயர் குருதியமுக்கம் இரண்டுக்கும் பொதுவான காரணம். எவ்வகை என்பதைப் பிரித்தறிய சி.ரி. ஸ்கான் வேண்டும் என்பதால், அதற்குமுன் அஸ்பிரின் கொடுக்காமல் உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக 4.5 மணிநேரமே அவகாசம்.