ஸ்கர்ட்டிங் ஒட்டுவதற்கு முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில் எங்கள் வீடு கட்டி 25 வருடமாகிறது. கூடத்தில் சுவரின் அடியோரமாகப் பட்டையாக ஒட்டியிருந்த பழைய ஸ்கர்ட்டிங் டைல்ஸைப் பெயர்த்தபோது பூச்சும் பாளம் பாளமாக வந்துவிட்டது. சில இடங்களில் செங்கல் தெரிகிறது, உப்பும் பூத்திருக்கிறது. “வெறும் சிமெண்டைக் குழைத்து அப்பி, அப்படியே புது டைல்ஸை ஒட்டிவிடலாம்” என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஒட்டும், ஆனால் அடுத்த கார்த்திகை மழை வரைக்கும்தான். மணல் சேராத சிமெண்ட் காயும்போது சுருங்கும். ஆழமான பள்ளத்தில் அப்பினால் வெடிப்பு விட்டு டைல்ஸோடு கழன்று வரும்.

அதற்கும் முன்னால் உப்பைக் கவனியுங்கள். சுவர் நெடுகத் தரையோரமாகப் பூத்திருந்தால் கீழே மண்ணிலிருந்து ஓதம் (ஈரம்) ஏறுகிறது என்று பொருள். ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் சுவருக்குப் பின்னால் குளியலறையோ தண்ணீர்க் குழாயோ இருக்கிறதா பாருங்கள். கசிவு இருந்தால் அதை அடைத்த பிறகுதான் மற்றதெல்லாம். வெளிப்பக்கமும் ஒரு நடை போய்ப் பாருங்கள். தெருவை உயர்த்தி உயர்த்திப் போட்டு, நாமும் வாசலில் மண்ணடித்து, ஓதத்தைத் தடுக்கப் போட்ட டி.பி.சி. அடுக்கே மண்ணுக்குள் போன வீடுகள் நம் பக்கம் ஏராளம். அந்த மண்ணை வெட்டி எடுக்காமல் உள்ளே என்ன பூசினாலும் வீண்.

உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி செங்கலுக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள்.

பிறகு கொத்துக்கரண்டியின் கைப்பிடியால் சுவரைத் தட்டுங்கள். ‘டொப் டொப்’ என்று பொள்ளலாகக் கேட்கும் இடமெல்லாம் செங்கலை விட்டுப் பிரிந்த பூச்சு. நான்கு அங்குல ஸ்கர்ட்டிங்தானே என்று அந்த உயரத்தோடு நிறுத்தாமல், ஓர் அடி வரை தட்டிப் பார்த்துப் பொள்ளலானதை முழுக்கக் கொத்தி எடுங்கள். மேல் விளிம்பை நூல் பிடித்து நேராக வெட்டினால் ஒட்டுப்போட்டது வெளியே தெரியாது. செங்கல் இடுக்குகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டித் தூசியைத் துடைத்துவிடுங்கள்.

கலவை ஒன்றுக்கு நான்கு, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல். பூச்சுக்கென்று விற்கும் பி-சாண்ட் மணல் போதும். கலக்கும் தண்ணீர் குடிக்கிற தரத்தில் இருக்கட்டும். கரையோரத்து உப்புப் போர்த்தண்ணீரில் கலந்தால் விரட்டிய உப்பை நாமே திரும்ப அழைத்து வந்ததாகும். செங்கலை நனைத்து, சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) தடவி, அது காய்வதற்குள் பூச வேண்டும். பள்ளம் 15 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இரண்டு தடவையாகப் பூசுங்கள். முதல் பூச்சைக் கீறிவிட்டு மறுநாள் அடுத்தது.

பூச்சைத் தரையில் முட்டவிடாமல் அரை அங்குலம் விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். தரை கழுவும் தண்ணீரைப் பூச்சு உறிஞ்சாது, இடைவெளியை டைல்ஸ் மறைத்துவிடும். ஸ்கர்ட்டிங் வரும் பட்டையை டைல்ஸின் கனத்துக்கு உள்வாங்கிப் பூசச் சொன்னால் டைல்ஸ் சுவரோடு சமமாக உட்காரும், அதன் தலையில் தூசி சேராது. கொத்தனார் முணுமுணுப்பார், பரவாயில்லை. அந்தப் பட்டையை மழமழவென்று தேய்த்துவிடாமல் சொரசொரப்பாகவே விடட்டும்.

ஒருவேளை புதுச்சேரியின் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகள் போன்றது உங்களுடையது என்றால் இந்தச் சிமெண்ட் கணக்கு பொருந்தாது. அங்கே சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறி, சிமெண்டுக்கு மேலே உள்ள பூச்சைத் தள்ளும். ஜிப்சம், பட்டி வகையறாவைத் தரையோரத்தில் எந்தச் சுவரிலும் சேர்க்காதீர்கள்.

புதுப் பூச்சை ஏழு நாள் நனைத்த பிறகு டைல்ஸ் ஒட்டலாம். அதற்கு மேலே பெயிண்ட் அடிக்கிற பகுதியை மட்டும் இன்னும் மூன்று வாரம் காயவிடுங்கள். மழைக்காலமாக இருந்தால் தை பிறக்கட்டும்.