தூங்கி எழும்போதே கண் எரிந்தால்

பார்வை போகாது. நாலு பக்கம் எழுதிவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசி வரியில் 'பார்வை போய்விடுமா?' என்று நீங்கள் கேட்டிருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 36 வயது, நாலு வருடமாக நைட் ஷிப்ட், பகலில் நாலு மணி நேரத் தூக்கம், கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். இதனால் மட்டும் கண் குருடாவதில்லை.

இடது இமை துடிப்பது கெட்ட சகுனம் இல்லை. தூக்கம் கெட்டு, அதை ஈடுகட்டக் காபி குடித்தால் துடிக்கும், நன்றாகத் தூங்கினால் நின்றுவிடும். பொன்னாங்கண்ணிக் கீரை தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் இந்த எரிச்சல் அதில் தீராது. அப்புறம் அந்த ஷோக்ரன் நோய், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்குவது. இரவு 3 மணிக்கு இணையத்தில் படித்துப் பயந்திருக்கிறீர்கள். அதில் தண்ணீர் குடிக்காமல் ஒரு வாய் சோறு இறங்காத அளவுக்கு வாய் வறளும், பலருக்கு மூட்டும் வலிக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவுமே இல்லையே, பிறகு எதற்கு அந்தப் பயம்?

'தண்ணீராகக் கொட்டுகிறது, இது எப்படி வறட்சி?' என்று கேட்டிருக்கிறீர்கள். கண்மேல் எப்போதும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கும். தூக்கம் குறைந்தால் கண்ணீர் சுரப்பது குறைகிறது, இருக்கிற கொஞ்சத்திலும் உப்பு கூடுகிறது, அடுத்த தடவை இமைப்பதற்குள் படலம் கிழிந்துவிடுகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்க வேண்டிய கண், கம்ப்யூட்டர் முன்னால் அதில் பாதிகூட இமைக்காது. காய்ந்த இடம் உறுத்தும்போது கண் பதறிப்போய்த் தண்ணீரை இறைக்கிறது. அது கன்னத்தில் வழிந்து போகுமே தவிர கண்ணில் தங்காது.

ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்களில்தான் என் கவனம் நின்றது. எரிச்சல் எழுந்ததும்தான் அதிகம் என்கிறீர்கள். சாதாரண வறட்சி நேரம் ஆக ஆகத்தான் கூடும். தூங்கும்போது உங்கள் கண் பாதி திறந்தே இருப்பதாக உங்கள் மனைவி சொல்கிறார். தூக்கத்தில் கண்ணீர் அனேகமாகச் சுரக்காது, மூடிய இமைதான் பாதுகாப்பு, அதுவும் சரியாக மூடாமல் முகத்துக்கு நேரே மின்விசிறியும் ஓடினால் கருவிழியின் கீழ்ப்பகுதி மணிக்கணக்கில் காய்கிறது. அதனால் விசிறிக் காற்று முகத்தில் படாதபடி படுங்கள். படுக்கும்போது கண்ணுக்கென்றே உள்ள வழவழப்பான ஆயின்மென்டை டாக்டரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். பார்வை கொஞ்ச நேரம் மங்கும் என்பதால் போட்டதும் படுத்துவிட வேண்டும். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் தூங்கப் பாருங்கள். தூக்கம் வர அவில் என்ற அலர்ஜி மாத்திரை போடுகிறீர்களே, அது கண்ணை இன்னும் வறட்டும், விட்டுவிடுங்கள். குறட்டை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்களுக்கு இமை தளர்ந்து போவதுண்டு.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடம். நண்பர் சொன்னார் என்று மெடிக்கலில் வாங்கி மூன்று மாதமாக ஊற்றுகிறீர்களே, அந்த டெக்ஸாமெத்தசோன் சொட்டு, அது ஸ்டீராய்டு. சிவப்பு இரண்டே நாளில் போகத்தான் செய்யும், ஆனால் சிலருக்கு உள்ளே கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும், வலியே இருக்காது, பார்வை நரம்பு கெட்ட பிறகுதான் தெரியும். இன்னொரு பாட்டில் வாங்காதீர்கள். இந்த வாரமே கண் டாக்டரிடம் போய் அழுத்தம் பார்த்து, இதை எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள்.

அதுவரை ஒன்றை மட்டும் கவனியுங்கள். எழுந்து கண்ணைத் திறக்கும்போது கத்தியால் கீறியது போன்ற வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், எத்தனை தடவை இமைத்தாலும் விலகாத மங்கல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும், ஷிப்ட் முடியட்டும் என்று இருக்கக் கூடாது. காய்ந்த கருவிழி கீறிப்போய் அதில் கிருமியோ பூஞ்சையோ பிடித்திருக்கலாம். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விழுந்தால் புண் வேகமாக ஆழமாகும். உங்கள் பயத்துக்கு நியாயம் இருக்கிற இடம் இந்தப் புண்ணும் அந்த ஸ்டீராய்டு சொட்டும்தான். போகும்போது அந்தச் சொட்டு பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள், பெயர் மறந்துவிட்டது என்று அங்கே போய்ச் சொல்லாதீர்கள்.