மை பூசிய தலைப்பு

அன்புள்ள ஐயா,

தேசிய சேவை முடித்து, பல்கலைக்கழகம் தொடங்கக் காத்திருக்கிறேன். 'கிபாலியன்' என்ற நூலைப் படித்தேன். எகிப்திய ஹெர்மீஸின் ஞானத்தை இன்னும் கற்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? இணையத்தில் ஒருவர் 800 வெள்ளிக்குத் தீட்சை தருகிறார், சேரலாமா? டாரட் சீட்டும் பழக வேண்டுமா? 'அண்டத்தில் உள்ளதே பிண்டம்' என்று நம் சித்தர்கள் சொன்னதுதானே இதெல்லாம்?

– ஈசூன் வாசகர்

தம்பி,

டாரட்டுக்கு இப்போது அவசரமில்லை. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது அது. சித்தர்களை இழுத்து ஒரே வரியில் முடிச்சுப் போடாதீர்கள். சித்தர்களையும் ஹெர்மீஸையும் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள், கேட்கிறேன்.

800 வெள்ளி என்றதும் பழைய கோபம் கிளம்பிவிட்டது. 1991இல் எனக்கும் உங்கள் வயதுதான். தோ பாயோ அடுக்குமாடி வீடொன்றில் ஒருவர் என்னிடம் 300 வெள்ளி வாங்கிக்கொண்டு நாற்பது தாள்களைக் கொடுத்தார். எகிப்திலிருந்து குரு வழியாக வந்ததாம், அம்மாவிடம்கூடக் காட்டக் கூடாதாம். ஒவ்வொரு தாளின் தலையிலும் கறுப்பு மை. பல மாதம் சாமி மாடத்தில் வைத்துப் படித்தேன். ஒருநாள் இரவு தாளை டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தபோது மைக்கு அடியில் நகல் எழுத்து பளபளத்தது. 'தி கிபாலியன்'. அடுத்த வாரமே பிராஸ் பாசாவில் பழைய பிரதி ஒன்று நான்கு வெள்ளிக்குக் கிடைத்தது. அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

காசுகூடப் போகட்டும். அந்த நூல் 1908இல் சிகாகோவில் வெளிவந்தது. 'மூன்று தீட்சிதர்கள்' என்று போட்டிருந்தாலும், எழுதியவர் வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அமெரிக்க வழக்கறிஞர். 'யோகி ராமசரகா' என்ற பெயரில் யோக நூல்களும் எழுதியவர். படியுங்கள், தப்பில்லை. ஆனால் அதை எகிப்து என்று நீங்கள் எழுதலாமா? கூகுளில் ஒரு நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்குமே! எந்த நூலைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் வயதைக் கேளுங்கள். எத்தனை தடவை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

வயது தெரிந்தால் பக்தி போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம். ஹெர்மீஸ் என்ற புராண ஞானியின் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க உரைகளின் தொகுப்பு 'கார்ப்பஸ் ஹெர்மெட்டிகம்'. அது இத்தாலியின் ஃபுளோரன்ஸுக்கு வந்தபோது, பிளேட்டோவைத் தள்ளிவைத்து இதை முதலில் மொழிபெயர்க்கச் சொன்னார் அந்நகரை ஆட்டிவைத்த செல்வர் கோசிமோ தெ மெதிச்சி. 1463இல் அறிஞர் ஃபிச்சினோ முடித்துக் கொடுத்தார். மோசேயின் காலத்து ஞானம் என்றே நம்பினார்கள். 1614இல் கிரேக்க மொழி அறிஞர் ஐசக் கசாபன் அதன் கிரேக்க நடையைப் பார்த்தே பிற்காலத்தது என்று நிறுவினார். ரோமானியர் ஆண்ட எகிப்தில், கிரேக்கம் பேசியவர்கள் கடவுளைத் தேடி எழுதியது அது. இது தெரிந்த பிறகுதான் எனக்கு அந்த நூல் இன்னும் நெருக்கமானது.

சரி, தொடங்கும் இடம். 'கார்ப்பஸ் ஹெர்மெட்டிகம்' நூலுக்கு பிரையன் கோப்பன்ஹேவரின் 1992 ஆங்கில மொழிபெயர்ப்பை எடுங்கள். முதல் உரையை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் 13ஆம் உரை. அதில் மகன் தாத், அப்பா புதிர் போட்டே பேசினார் என்று ஹெர்மீஸிடம் குறைப்பட்டுக்கொள்கிறான். அங்கேயும் ரகசியம் காக்கச் சொல்கிறார் தகப்பன், ஆனால் மகனிடம் காசு வாங்கவில்லை. பின்குறிப்புகள் மூலத்தைவிட நீளம், முதல் தடவை அவற்றைத் தாண்டிப் போங்கள். 13ஐ முடித்ததும் எழுதுங்கள்.